முதலில் வளைவது ராடு

1982 ஜூன் 13 அன்று மாண்ட்ரியலின் நோத்ர்-டாம் தீவில் கனடா கிராண்ட் பிரி நடந்தது. ஒரு மாதம் முன்பு பெல்ஜியத்தில் விபத்தில் இறந்த கியூபெக்கின் செல்லப்பிள்ளையான பந்தய ஓட்டுநர் ஜில் வில்நவ்வின் பெயரை அந்தத் தடம் அப்போதுதான் ஏற்றிருந்தது. புறப்பாட்டிலேயே நின்றுபோன கார் ஒன்றின் மீது மோதி, இத்தாலிய இளைஞர் ரிக்கார்டோ பலெட்டி உயிரிழந்தார். துயரத்தோடு மறுபடி தொடங்கிய போட்டியில் பிரபாம் அணியின் நெல்சன் பிக்கே வென்றார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ டர்போ என்ஜினுக்கு அது முதல் வெற்றி. முந்தைய வாரம் டெட்ராய்ட்டில் அதே பிக்கே தகுதிச் சுற்றையே தாண்டவில்லை.

அந்த என்ஜினின் பிளாக், 1962 முதல் பி.எம்.டபிள்யூ 1500 என்ற குடும்பக் காரில் வந்த சாதாரண வார்ப்பிரும்பு பிளாக். அலெக்ஸ் ஃபொன் ஃபால்கன்ஹவுசன் வடிவமைத்தது. சாலைக் காரில் 80 குதிரைத்திறன் தந்தது. பவுல் ரோஷேயின் குழு அதே அடித்தளத்தில் 1,499 சிசி டர்போ என்ஜினைக் கட்டியது. 1986 வாக்கில் தகுதிச் சுற்றுகளில் அது ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. புதுப் பிளாக்கைவிட, சாலையில் நெடுந்தூரம் ஓடித் தேறிய பழைய பிளாக்கையே தொடக்கத்தில் ரோஷே விரும்பினார். ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்ததில் வார்ப்புக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்திருக்கும். அதன் பிறகு அது எளிதில் கோணாது. பணமும் உழைப்பும் போனது வேறு இடங்களுக்கு: 16 வால்வு ஹெட், பிஸ்டன், எரிபொருளை அளந்து கொடுக்கும் போஷ் மின்னணுக் கருவி.

சொந்தக் காரில் டர்போவின் பலத்தைக் கூட்ட ஆசைப்பட்டு, கையில் அளவான பணத்தோடு நிற்பவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். தாங்குகிற பாகத்தை விட்டுவைத்து, தாங்காத பாகத்துக்கு மட்டும் செலவு செய்ய வேண்டும். அழகாகப் பெட்டியில் வரும் முழு செட்டை வாங்குவது பெரும்பாலும் வீண்.

தாங்காத பாகம் எது? அது என்ஜினுக்கு என்ஜின் மாறும். 1990களின் நடுவிலிருந்து வோக்ஸ்வாகன், ஆடி கார்களில் வந்த 1.8 லிட்டர் டர்போவை எடுத்துக்கொள்வோம். அதன் இரும்பு பிளாக்கும் கிராங்கும் உறுதியானவை. ஆனால் டார்க் 400 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் வளையத் தொடங்கும் என்பது அந்த என்ஜினைப் பிரித்துக் கட்டுபவர்கள் எல்லோரும் அறிந்தது. ராடு வளைந்தால் பிஸ்டன் உச்சிவரை ஏறாது. கம்ப்ரஷன் பார்க்கும்போது அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாகக் காட்டும். கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் ராடு உடைந்து பிளாக்கின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ராடை வளைப்பது டார்க், இழுத்து அறுப்பது வேகம். என்ஜின் 6,000 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்குப் போனால் பிஸ்டனின் எடை ராடை இழுக்கும் விசை சுமார் 36 விழுக்காடு கூடுகிறது. ஆனால் சாலைக் கார்களில் ராடைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் வகைதான். சிறிய டர்போ 2,500 சுற்றிலேயே முழு பூஸ்ட்டையும் கொட்டும்போது, மெதுவாக நகரும் பிஸ்டனின் தலையில் அத்தனை அழுத்தமும் இறங்குகிறது. கீழ்ச் சுற்றுகளில் பூஸ்ட்டைக் கொஞ்சம் அடக்கிவைக்கும்படி டியூனரிடம் சொல்லிவிட்டால், ஒரு பாகமும் வாங்காமலே ராடின் ஆயுளை நீட்டலாம்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் ராடை மட்டும் மாற்றலாம். ஹெட்டைக் கழற்றி, ஆயில் பேனை இறக்கினால், என்ஜினைக் காரிலிருந்து தூக்காமலே வேலை முடியும். பழைய பிஸ்டனையே திரும்பப் போடுவதால் சிலிண்டருக்குப் போர் போடும் செலவும் மிச்சம். ஃபோர்ஜ்டு ராடு, புது பேரிங், ஹெட் கேஸ்கெட், புது ஹெட் போல்ட்டுகள் போதும். இழுவிசையில் நீளும் வகை போல்ட்டை இரண்டாம் முறை போடக் கூடாது. அதில் மிச்சம் பிடிப்பவர் முழு என்ஜினையும் பணயம் வைக்கிறார்.

சுபாருவின் 2.5 லிட்டர் டர்போவில் கதை வேறு. அங்கே ராடுக்கு முன் பிஸ்டனின் ரிங் பதியும் விளிம்பு உடைகிறது. காரணம் நாக்கிங்: தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன், மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடித்து, அதன் அதிர்வலை பிஸ்டனை அறைகிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் அந்த அடியைக் கூடுதல் நேரம் தாங்கும், நாக்கிங்கை நிறுத்தாது. பி.எம்.டபிள்யூவும் இதே சிக்கலில் என்ஜின்களை இழந்தது. 1983இல் டொலுயீன் மிகுந்த எரிபொருள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பிக்கே டர்போ காரில் உலகப் பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் ஆனார். மாண்ட்ரியல் பெட்ரோல் பங்க்குகளில் 87, 91 ஆக்டேன் எங்கும் கிடைக்கும், 94 சில இடங்களில். கையிலிருக்கும் எரிபொருளுக்கு ஏற்ப டியூன் செய்வதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

பிஸ்டன் வாங்கியே தீர வேண்டுமானால் மாண்ட்ரியலின் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள் பெரும்பாலும் இரண்டு உலோகக் கலவைகளில் வருகின்றன. 2618 கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அடியைத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டர் சுவரிலிருந்து அதிக இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள். மைனஸ் 20 டிகிரி காலையில் அது சுவரில் தட்டித் தட்டித் தேயும். 4032 கலவையில் சுமார் 12 விழுக்காடு சிலிக்கான். குறைவாக விரிவதால் நெருக்கமாகப் பொருத்தலாம். குளிர்காலத்திலும் வேலைக்கு ஓட்டும் காருக்கு 4032 போதும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் குளிர்கால டயர் கட்டாயம். அந்த மாதங்களில் காரைக் கராஜில் நிறுத்தி, வேலையை அப்போது வைத்துக்கொள்பவர்கள் 2618 பற்றி யோசிக்கலாம்.

கட்டும்போது அவசரம் ஆகாது. நான்கு ராடையும் தனித்தனியே நிறுத்து, எடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய மெழுகு இழையைக் கிராங்கின் மேல் வைத்து, மூடியைச் சரியான முறுக்கில் இறுக்கிக் கழற்றுகிறார்கள். நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும்: பொதுவாக 0.05 மி.மீ. சுற்றுவட்டாரம். இழை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் இருந்தால் கிராங்க் தேய்ந்திருக்கிறது. அதை மெஷின் ஷாப்புக்கு அனுப்பாமல் மேலே போகக் கூடாது.

வசந்தத்தில் கார் வெளியே வந்ததும் சில நூறு கிலோமீட்டர் குறைந்த பூஸ்ட்டில் ஓட்டி, ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ரிங் தேய்ந்த நுண்துகள் கொஞ்சம் இருப்பது இயல்பு. செம்பு நிறம் மின்னினால் பேரிங் போகிறது என்று பொருள்; நேப்பியர்வில் டிராக் ரேஸ் தடத்துக்குப் போகும் திட்டத்தைத் தள்ளிவைத்து, அன்றே ஆயில் பேனை இறக்க வேண்டும்.