மண்ணும் கிணறும் – 6: வேலியோடு போன பசளை

பருத்தித்துறையை அண்டிய புலோலி, அல்வாய்ப் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சேதனப் பசளையின் அருமையை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை. வேலி அடைக்கும்போது கழிகிற பழைய பனையோலை முன்பு நேரே தோட்டத்துக்குத்தான் போனது. ஆழமாகச் சால் வெட்டி, ஓலையை நெருக்கமாகப் பரப்பி, மண்ணால் மூடிவிடுவார்கள். அது மெல்ல மெல்ல உக்கி, ஈரத்தைப் பிடித்துவைத்து, பின்வரும் பயிர்களுக்கும் உதவும். பூவரசங்குழை, காவிளாய், வன்னியிலிருந்து வந்த குழை, பட்டி அடைத்த எரு என்று மண்ணுக்குத் தீனி பல வழியில் வந்தது.

இன்று ஓலை வேலி நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. கூரைக்கு ஓடும் தகரமும் வந்துவிட்டன. போரிலும் இடப்பெயர்விலும் மந்தைகள் அழிந்தன. குழையை விலைக்கு வாங்கினாலும் அதை ஏற்றி இறக்கித் தாழ்க்கக் கூலி வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை குத்தகை. சில பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்தவர், அடுத்த வருடம் அது தன் கையில் இருக்குமோ என்று தெரியாமல் எந்த நம்பிக்கையில் ஓலை தாழ்ப்பார்? யூரியா போட்டால் சில நாளிலேயே பயிர் பச்சை பிடிக்கும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரேயடியாக நிறுத்தியபோது இவை எதையும் கணக்கில் எடுக்கவில்லை. மாற்றாகச் சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளை, தீங்கான பற்றீரியா இருப்பதாகத் திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் அடிபட்டுவிட்டது. நல்ல நோக்கத்தை இதைவிட மோசமாகக் கெடுத்திருக்க முடியாது.

ஆனால் யூரியாவும் இங்கே தீங்கில்லாத பொருளல்ல. யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகி மழையோடும் இறைப்போடும் கிணற்றுக்கு இறங்குகிறது. அதே நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறோம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதை எச்சரித்துவிட்டார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அந்த அளவுள்ள கிணற்று நீரை ஒரு போகத்தில் அரை மீற்றர் உயரத்துக்கு ஓர் ஏக்கருக்கு இறைத்தால், சுமார் 23 கிலோ நைதரசன் தோட்டத்துக்குப் போகிறது. அது ஏறக்குறைய 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் இருக்கும் நைதரசன்! தோட்டக்காரர் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பசளை, அறியாமலே திரும்பி வருகிறது; அதன்மேல் இன்னொரு மூடையையும் அவர் வாங்கிப் போடுகிறார்.

ஆகவே கமநல சேவை நிலையங்கள் வெங்காய நடுகைக்கு முன் கிணற்று நீரை அளந்து, மேற்கட்டுப் பசளையில் எவ்வளவு குறைக்கலாம் என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும். மிச்சமாகும் காசில் குழை வாங்கலாம். குத்தகையையும் குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுத வழி செய்யவேண்டும். குத்தகைச் சிக்கலை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.