சத்தம் வேறு, இழுவை வேறு

ஹேடோ ஒரு துறைமுகப் பகுதி. அந்தமான் தீவுகளின் தலைநகரில் இருக்கிறது. அந்த நகரத்தின் பெயர் வெகுகாலம் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. ஹேடோ துறைக்குச் சென்னையிலிருந்து கப்பல்கள் வருகின்றன. வண்டிகளின் உதிரிப் பாகங்களும் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

இங்கே சாலைகள் மேடும் பள்ளமுமானவை. மேட்டில் ஸ்கூட்டர் திணறும். அப்போது "சைலன்சரை மாற்றினால் வண்டி பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள்.

ஒரு மெக்கானிக் கடையை மனதில் நினைத்துப் பாருங்கள். ஓர் இளைஞர் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரைக் கொண்டுவருகிறார்.

"அண்ணே, சைலன்சருக்குள்ளே இருக்கிற தகட்டை எல்லாம் எடுத்துடுங்க. வண்டி பிச்சுக்கிட்டுப் போகணும்."

"தகட்டை எடுத்தா சத்தம்தான் பிச்சுக்கிட்டுப் போகும் தம்பி. வண்டி போகாது."

யார் சொல்வது சரி?

சைலன்சர் என்ன செய்கிறது?

என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. எரிந்த புகை மிகுந்த சூட்டோடும் வேகத்தோடும் வெளியே பாய்கிறது. அப்படியே விட்டால் வெடிச் சத்தம் கேட்கும். சைலன்சருக்குள் அறைகளும் துளையுள்ள தகடுகளும் இருக்கின்றன. அவை புகையின் வேகத்தைக் குறைத்துச் சத்தத்தை அடக்குகின்றன.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த என்ஜினில் புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே நுழைகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீணாகும். குழாய் சரியான அமைப்பில் இருந்தால் இந்த வீண் குறையும்.

இரண்டு கூம்புகள்

கடலை மடித்துத் தரும் காகிதக் கூம்பைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கூம்புகளை வாயோடு வாய் சேர்த்தால் எப்படி இருக்கும்? நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி இருக்கும். டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளின் புகைக்குழாய் இந்த வடிவில்தான் இருக்கும்.

புகை வெளியே பாயும்போது குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வருகிறது. அது மீதிப் புகையை இழுத்துவிடுகிறது. குழாய் ஒடுங்கும் இடத்தில் தள்ளும் அலை ஒன்று திரும்பி வருகிறது. அது வெளியே தப்பிய புதுக் கலவையை மறுபடியும் என்ஜினுக்குள் தள்ளுகிறது. கிணற்றுச் சுவரில் மோதிக் குரல் திரும்பி வருவது போலத்தான் இது.

இந்த முறையைச் செம்மைப்படுத்தியவர் வால்டர் காடன் என்ற பொறியாளர். கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். மோட்டார் சைக்கிள் ஆலையில் 1950களில் இதற்காக உழைத்தார். 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய என்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. நம் ஊர்ப் பழைய 150 சி.சி. ஸ்கூட்டர் தந்தது எட்டுக்கும் குறைவு. அதே 1961இல் அந்த ஆலையின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜப்பானின் சுசுகி கம்பெனியில் சேர்ந்தார். இந்த வித்தையும் அவரோடு போனது. 1962இல் சுசுகி வண்டியில் அவர் 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றார்.

வீட்டில் செய்ய முடியுமா?

தகட்டை வெட்டலாம். கூம்பாக உருட்டலாம். வெல்டிங் வைக்கலாம். நல்ல பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலை அல்ல. கடினமானது அளவுதான்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் என்ஜின் ஒரு விநாடிக்கு 100 முறை சுற்றுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அலை சரியான நொடியில் திரும்பி வர வேண்டும். குழாயின் நீளம் மாறினால் அலை முந்தும் அல்லது பிந்தும். அப்போது இழுவை கூடாது, குறையும்.

அளவு சரியாக அமைந்தாலும் ஒரு குறை உண்டு. பந்தயக் குழாய் அதிக வேகத்தில்தான் பலன் தரும். மெதுவாக மேடு ஏறும்போது வண்டி முன்னைவிடத் திணறலாம். மேலும், புதுக் குழாய்க்கு ஏற்றபடி கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதை "சீஸ்" ஆகிவிட்டது என்பார்கள். பின்சக்கரம் திடீரென்று நின்றால் ஓட்டுபவர் கீழே விழுவார்.

இன்று விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வகை. அவற்றில் புகை வழியை வால்வுகள் திறந்து மூடுகின்றன. ஆகவே இந்தக் கூம்புக் குழாய் அவற்றுக்குப் பொருந்தாது. 2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளின் புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் கருவியும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நச்சுப் புகை கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் அமைப்பைத் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது. 2019இல் திருத்திய பிறகு தண்டனை கடுமையானது. சத்தமும் புகையும் வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் செல்லாது.

சட்டம் யாருக்காக? இரவில் தூங்கும் குழந்தைக்காக. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்காக. இப்படிப்பட்ட குழாய்க்கு உரிய இடம் பந்தயத் திடல். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அப்படி ஒரு திடல் இருக்கிறது.

அப்படியானால் இழுவைக்கு என்ன வழி?

மெக்கானிக் சைலன்சரைக் கழற்றினார். தரையில் தட்டினார். கறுப்புக் கறுப்பாகக் கரி கொட்டியது.

"தம்பி, ஆஸ்துமாக்காரன் மாதிரி உன் வண்டி மூச்சு விட முடியாம தவிச்சிருக்கு. ஆயிலை அளந்து ஊத்துறியா?"

"இல்லண்ணே, கண்மதிப்புலதான் ஊத்துவேன்."

அதுதான் காரணம். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது. ஆயில் கூடினால் கரி படியும். கரி படிந்தால் வழி அடைபடும், இழுவை குறையும். ஆகவே இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. ஆயிலைக் கம்பெனி சொன்ன அளவில் ஊற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி.

2. என்ஜின் ஆறிய பிறகே சைலன்சரைக் கழற்ற வேண்டும். புகைத் துளையில் உள்ள கரியை மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். அப்போது பிஸ்டன் அந்தத் துளையை மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் கரி உள்ளே விழும்.

3. மாட்டும்போது புதுப் பேக்கிங் வைக்க வேண்டும்.

4. கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். ஆறிய சைலன்சரை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

5. மூடிய அறையில் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளைக் கொல்லும்.

கரி எடுத்த வண்டியை இளைஞர் மேட்டில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"ஏறுதுண்ணே! சத்தமே இல்லாம ஏறுது!"

சிந்தித்துப் பாருங்கள்

1. டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோல் எப்படி வீணாகிறது?
2. சத்தம் கூடினால் இழுவை கூடுமா? ஏன்?
3. உங்கள் தெருவில் அதிகச் சத்தத்தால் துன்பப்படுபவர்கள் யார் யார்?