பழைய பாடி, டீசல் சேஸிஸ்: மலிவு உண்மையில் மலிவுதானா?

மளிகைக் கடையாகட்டும், மண்டியாகட்டும், சொந்தச் சரக்கு வண்டி இருந்தால் வாடகை மிச்சம். பழைய பிக்கப் வண்டியின் பாடியைக் கழற்றி டீசல் லாரி சேஸிஸ் மேல் பூட்டிவிட்டால் மலிவாக முடியும் என்று எண்ணும் வணிக நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, எடை. ஆர்.சி.யில் குறித்துள்ள மொத்த எடையில் வண்டியின் காலி எடை போக மிஞ்சுவதே நாம் ஏற்றக்கூடிய சரக்கு. மாற்றிப் பூட்டும் பாடி 150 கிலோ கூடுதல் என்றால், நடைக்கு நடை 50 கிலோ அரிசி மூட்டை மூன்று குறையும். மீறி ஏற்றினால், 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

இரண்டாவது, பொருத்தம். பாடி பின்னால் நீண்டுவிட்டால் சுமை பின்சக்கரத்தைத் தாண்டி விழும். முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். சேஸிஸில் கண்டபடி துளை போட்டாலும், வெல்டிங் வைத்தாலும் அங்கேயே விரிசல் காணும்.

மூன்றாவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகைக்கும் இதுவே சிக்கலாகலாம்.

ஆகவே, பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லையெனில், இருக்கும் வண்டியின் பாடியைப் பழைய அளவிலேயே செப்பனிட்டு ஓட்டுவதே லாபம்.