நோய் தீர்ப்போரும் தடுப்பூசியும்

நோய் தீர்க்கப் புகுந்தோர் தாமே நோயைக் கொண்டுசென்று கொடுத்தல் கூடுமோ? கூடும் என்பதே ஆராய்ச்சியாளர் கூறும் விடை. வைத்தியத் துறை புகுந்த பழைய மாணவரும், புக விரும்பும் இளைஞரும் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும்.

இன்புளுவென்சாக் காய்ச்சலை விளைக்கும் வைரசு, காய்ச்சல் தோன்றுவதற்கு ஏறக்குறைய ஒருநாள் முன்னரே பிறர்க்குத் தொற்றத் தொடங்கும். சிலரிடத்தில் யாதொரு குறியுங் காட்டாது தங்கும். ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1993-94ஆம் ஆண்டு மாரிகாலத்தில், வைத்தியசாலை ஊழியர் 518 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். அவருள் 120 பேரை இவ்வைரசு பற்றியிருந்தமை புலனாயிற்று. அந்த 120 பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் தமக்கு இன்புளுவென்சா வந்ததாகவே அறிந்திலர். அறியாதவர் வீட்டில் ஓய்ந்திருப்பதெங்ஙனம்? வழமைபோற் கடமைக்குச் செல்வரன்றோ?

இளைஞர் சில நாளில் நலமுறுவர். முதியோர்க்கோ இந்நோய் உயிர்க்கே இறுதியாகலாம். முதியோர் உடலில் தடுப்பூசியின் பயனும் குறைவு. ஆதலின் அவரைப் பேணுவோர் ஊசி ஏற்றிக்கொள்ளுதல் அவர்க்கு ஓர் அரணாகும். முதியோரைப் பேணும் ஸ்கொத்லாந்து வைத்தியசாலைகள் இருபதில் நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஊழியர்க்குத் தடுப்பூசி வழங்கிய இடங்களில் நோயாளருள் நூற்றுக்கு 13.6 பேரும், வழங்காத இடங்களில் 22.4 பேரும் இறந்தனர் என அது காட்டிற்று. இத்தகைய ஆய்வுகளின் சான்று போதாதென வாதிப்போரும் உளர்.

ஊழியர் தயங்குவதேன்? ஊசியே காய்ச்சலைத் தருமென்பது ஓர் அச்சம். ஊசி மருந்தில் உயிருள்ள வைரசு இல்லை. கைநோவும் சிறு காய்ச்சலும் ஓரிரு நாளில் நீங்கும். கடந்த ஆண்டு ஏற்றியது போதுமென்பது மற்றொரு மயக்கம். வைரசு உருமாறுவதால் ஆண்டுதோறும் ஏற்றவேண்டும்.

அமெரிக்காவில், சியாட்டில் நகரத்து வேர்ஜீனியா மேசன் வைத்தியசாலை 2005இல் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிற்று. முன்னர் ஏறக்குறையப் பாதிப்பேரே ஏற்றிய அவ்விடத்தில், முதலாண்டிலேயே நூற்றுக்கு 97.6 பேர் ஏற்றினர். விலக்குப் பெற்றோர் முகக்கவசம் அணிந்தனர். தாதியர் சங்கமோ அவ்விதியை எதிர்த்தது. நடுவர் தீர்ப்பும் சங்கத்திற்கே சாதகமாயிற்று.

கட்டாயம் பயன் தரும் என்பது உண்மை; தன்னுடலைப் பற்றிய உரிமையும் உண்மை. ஆகவே, முதலில் ஊசியை இலவசமாக, இராக்கடமை புரிவோர்க்கும் எட்டும்படி வாட்டுகளுக்கே கொண்டுசெல்லல் வேண்டும் என்பது எம் கருத்து. அதன் பின்னும் மறுப்போர், தம்மை நம்பிப் படுக்கையிற் கிடக்கும் முதியவரை ஒருகணம் நினைப்பாராக.