தனியார் ஏவூர்திகளும் தென்கடல் வழியும்

2024 மே 19 ஆம் நாள், விசயவாடாவிற் பிறந்த கோபி தோட்டக்கூரா என்பார் மேலும் ஐவரோடு ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்திலிருந்து ஏவூர்தியில் எழுந்து, நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை எய்தி, ஏறக்குறையப் பத்து நிமிடத்தில் மீண்டும் நிலத்தை அடைந்தார். அவரை அனுப்பியது ஓர் அரசன்று. புளூ ஒரிஜின் என்னும் தனியார் கம்பனி. உடன் சென்றவருள் ஒருவர் எட் டுவைற்று. 1960களின் தொடக்கத்தில் விண்வெளி வீரர் பயிற்சி பெற்றும், விண்ணுக்குச் செல்லும் வாய்ப்பைப் பெறாத கறுப்பின விமானி அவர். அரசு அன்று கொடாததைத் தொண்ணூறாவது வயதில் ஒரு கம்பனி கொடுத்தது. இறங்குகையில் மூன்று பரசூட்டுகளுள் ஒன்று முழுதும் விரியவில்லை. எனினும் எவர்க்கும் தீங்கு நேரவில்லை.

இத்தகைய விண்ணுலாவை மாந்தர் முன்னேற்றத்தின் உச்சமெனப் புகழ்வாரும், பணமுடையோர் விளையாட்டென இகழ்வாரும் உளர். புகழ்வதற்கும் இகழ்வதற்கும் முன்னர் அதனை அளந்து பார்த்தல் நன்று. விண்ணைத் தொடுதல் வேறு, விண்ணில் நிற்றல் வேறு. செங்குத்தாக எறிந்த கல் உச்சியை அடைந்து விழுவது போல, நூறு கிலோமீற்றர் உயரம் சென்று மீளுதற்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 1.4 கிலோமீற்றர் வேகம் போதும். காற்றின் தடைக்காகச் சிறிது கூட்டிக் கொள்ளலாம். ஆனால், பூமியைச் சுற்றி வருதற்குச் செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகம் வேண்டும். அவ்வேகத்திற் பக்கவாட்டாகச் செல்லும் பொருளும் விழுந்துகொண்டே இருக்கிறது. எனினும் அது விழும் அளவுக்குப் பூமியும் வளைந்து விலகுவதால் நிலத்தைச் சேர்வதில்லை. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதாதலின், நிற்றலுக்கு வேண்டிய ஆற்றல் தொடுதலுக்கு வேண்டியதிலும் முப்பது மடங்குக்கு மேற்பட்டதாகும்.

ஈண்டு மாணவர் பலர் கொள்ளும் ஒரு பிழையையும் நீக்குதல் தகும். விண்ணுலாச் சென்றோர் மூன்று நான்கு நிமிடம் எடையின்றி மிதப்பது ஈர்ப்பு அங்கு இல்லாமையால் அன்று. நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதன் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு இருக்கின்றது. கலமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே விழுவதாலேயே மிதப்புத் தோன்றுகிறது.

தனியார் ஆக்கிய கலம் மனிதனை முதன்முதல் விண்ணுக்குக் கொண்டு சென்றது 2004 யூன் 21 இல் ஆகும். 'ஸ்பேஸ்சிப்வண்' என்னும் அக்கலம் அவ்வாண்டு ஒற்றோபரில் ஒரு கோடி டொலர்ப் பரிசையும் வென்றது. அதன் வழிவந்த கலமொன்று 2014 இற் சோதனையின்போது சிதைந்து விமானி ஒருவர் உயிர் நீத்தார். அதனை அடுத்த 'யூனிற்றி' என்னும் கலத்தில் 2021 யூலை 11 இற் சென்றவருள் குண்டூரிற் பிறந்த சிரீசா பாண்டிலாவும் ஒருவர். அவ்வாண்டில் ஓர் இருக்கையின் விலை நான்கு இலட்சத்து ஐம்பதினாயிரம் டொலர். 2024 யூனில் யூனிற்றி தன் கடைசிப் பயணத்தை முடித்தது. இருபது ஆண்டு உழைப்பின் பின்னும் விண்ணுலா மலிவடையவில்லை, எளிய வழக்கமாகவும் ஆகவில்லை.

தனியார் முயற்சியின் மெய்ப்பயன் வேறோரிடத்தில் உள்ளது. அது தீவகத்தார்க்கு அண்மையிலேயே வளர்ந்து வருவது. இந்தியாவில் ஏவூர்தித் தொழில் நெடுங்காலம் அரசின் கையில் மட்டுமே இருந்தது. 2020 இல் அது தனியார்க்கும் திறந்துவிடப்பட்டது. 2022 நவம்பர் 18 இல் ஐதராபாத்தின் ஸ்கைரூட் கம்பனி ஆக்கிய 'விக்கிரம்-எஸ்' சிறீகரிகோட்டாவிலிருந்து எழுந்து 89.5 கிலோமீற்றர் உயரம் சென்று கடலில் வீழ்ந்தது. எண்பது கிலோமீற்றரை எல்லையாகக் கொள்ளும் அமெரிக்கர் கணக்கில் அது விண்ணைத் தொட்டது. நூறு கிலோமீற்றரைக் கொள்வார் கணக்கிற் தொடவில்லை. பின்னர், சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் நிழலில் வளர்ந்த அக்னிகுல் கம்பனி, பலமுறை நிறுத்தப்பட்ட தன் சோதனை ஏவூர்தியை 2024 மே 30 இற் சிறீகரிகோட்டாவில் தானே அமைத்த மேடையிலிருந்து ஏவியது. அதன் எந்திரம் பல உறுப்புகளைப் பொருத்திச் செய்ததன்று. உலோகத் தூளைப் படைபடையாக உருக்கி ஒரே துண்டாக அச்சிடப்பட்டது. திரவ ஒட்சிசனும் விமான எரிநெய்யும் அதனுள் எரியும்.

இவ்விரு கம்பனிகளும் கருதுவது சிறு செய்மதிகளைச் சுற்றுப்பாதையிற் சேர்த்தலையே. சிறு நாடுகளுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. யப்பானிற் கற்ற இலங்கையர் இருவர் ஆக்கிய நம் நாட்டின் முதற் செய்மதி 'இராவணா-1', ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையினது. 2019 ஏப்பிரில் 17 இல் அஃது அமெரிக்கத் தனியார் கம்பனி ஒன்றின் ஏவூர்தியிலேயே சென்றது. பிறருடைய பெருஞ்சுமையோடு ஒரு மூலையில் இடம் பெற்றுச் செல்வதே அத்தகைய சிறு பொருள்களின் நிலை.

ஆயின், சிறீகரிகோட்டாவிலிருந்து செல்லும் சிற்றேவூர்திக்கு ஒரு பெருந்தடை உண்டு. அத்தடை நம் தீவேயாம். பூமியின் எல்லாப் பகுதியையும் நோக்க வேண்டிய செய்மதி, முனைகளின் மேலாக வடக்குத் தெற்காகச் சுற்றல் வேண்டும். படத்தில் சிறீகரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கீறுக. அது சென்னை நகரைக் கடந்து, கடலைத் தாண்டி, பருத்தித்துறைப் பக்கமாக வடமராட்சியின் மேல் வரும். சற்றுக் கிழக்கே சாய்த்தால் முல்லைத்தீவும் திருகோணமலையும். மேற்கே சாய்த்தால் தமிழ்நாட்டின் ஊர்கள். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழுவன ஆதலின், மக்கள் வாழும் நிலத்தின் மேலாக ஏவுதல் ஆகாது. எனவே ஏவூர்தி முதலிற் தென்கிழக்கே சென்று, இலங்கையைக் கடந்த பின்னரே தெற்கே திரும்புகிறது.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் வள்ளம் ஒரு கற்றிட்டைச் சுற்றிச் செல்ல நேரின் சிறிது நேரமே வீணாகும். சுக்கானைத் திருப்ப நீர் இடங்கொடுக்கும். விண்ணிலோ நீருமில்லை, காற்றுமில்லை. ஒரு திசையில் ஈட்டிய வேகத்தின் ஒரு பகுதியை எரிபொருள் எரித்தே அழித்து, வேறு திசையில் மீண்டும் ஈட்டல் வேண்டும். பெரிய ஏவூர்தி இவ்விழப்பைத் தாங்கும். சில நூறு கிலோகிராம் மட்டுமே சுமக்கும் சிற்றேவூர்திக்கு அஃது ஊதியத்தையே உண்டுவிடும் இழப்பாகும்.

இக்காரணத்தாலேயே திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. முத்தாரம்மன் கோயிற் தசராவுக்குப் பெயர் பெற்ற அவ்வூரின் தெற்கே அந்தாட்டிக்கா வரையும் கடலே. இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. அங்கிருந்து எழும் ஏவூர்தி திரும்ப வேண்டியதில்லை. ஆயினும் ஏவும் நாள்களில் கடலின் ஒரு பகுதி மீனவர்க்கு மூடப்படும். மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் அன்றாடம் வலை வீசி வாழ்வோர்க்கு அந்நாளின் கூலியை யார் தருவர் என்பது, எந்திரத்தின் திறன் போலவே முன்கூட்டிக் கணக்கிட வேண்டிய ஒன்றாகும்.

நெடுந்தீவிலிருந்து சிறீகரிகோட்டா நானூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. குலசேகரன்பட்டினமோ இருநூற்றிருபது கிலோமீற்றர் அளவிலேயே. மேகமற்ற இரவில் அங்கிருந்து ஓர் ஏவூர்தி எழுமாயின், நெடுந்தீவின் தென்மேற்குக் கரையில் நிற்போர் கடலுக்கு மேலே ஒரு சுடர் ஏறித் தெற்கே சாய்ந்து மறைவதை ஒருசில நிமிடம் காண்பர்.