வாய் திறந்தால் வீடு போகுமா?

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேமரன் மலையில் எந்தத் தோட்டத்திலும் இப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை. நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மூட்டை தராசில் ஏறுகிறது. முள் 42 கிலோவில் நிற்கிறது. ஈரத்துக்கு மூன்று, சாக்குக்கு ஒன்று கழித்து 38 என்று எழுதும்படி மேலிருந்து உத்தரவு. அன்று மழையே இல்லை. சாக்கு அரைக் கிலோகூடத் தேறாது. மூட்டையைச் சுமந்து வந்த நேபாளத்துக்காரர் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறார், ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார். மாதக் கடைசியில் இந்த எண்களைக் கூட்டிச் சம்பளச் சீட்டு போடுபவரும் அதே கிராணிதான்.

கணக்கு தெரிந்தவருக்குச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கும். மலேசியாவில் கிலோ கணக்கிலோ டாஸ்க் கணக்கிலோ கூலி வாங்குபவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2022 மே முதல் பெரும்பாலான நிறுவனங்களில் மாதம் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது. கழித்த நான்கு கிலோக்கள் மாதக் கடைசியில் ஒருவரை அந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளினால், அது தோட்டத்து வழக்கமாக இருக்க முடியாது. சட்டப்படி குற்றம்.

அப்படியானால் சொல்லிவிடலாமே? நகரத்தில் ஓர் அலுவலக ஊழியருக்கு வேலை போனால் போவது வேலைதான். தோட்டத்தில் அப்படியில்லை. ஜே. ஏ. ரசல் 1929-இல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே வேலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தாத்தா காட்டைத் திருத்தியிருப்பார், அம்மா கொழுந்து எடுத்திருப்பார், பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பார். ஆனால் குடியிருக்கும் வீடு மூன்று தலைமுறைக்குப் பிறகும் கம்பெனியுடையது. வேலை நீக்கக் கடிதத்தோடு வீட்டைக் காலி செய்யும் தேதியும் வரும் என்ற பயம் மலேசியத் தோட்டத் தமிழர்களுக்குப் புதிதல்ல. பால்மரக் காடுகள் வீட்டுமனைகளாக மாறிய காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதைப் பட்டு அறிந்திருக்கின்றன. இன்று கொழுந்துக் காட்டில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா நாட்டவர். அவர்களுக்கு வீடு மட்டுமில்லை, இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மிட்டே முதலாளியின் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

பேசியவர்கள் இல்லாமலில்லை. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதி ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட டிரெஸ்ஸர்களை மாற்றச் சொன்னார்கள், பெண்களிடம் துரைமார் செய்யும் அத்துமீறலை நிறுத்தச் சொன்னார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போகும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இந்த ஒற்றைக் கோரிக்கை அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதைப் பல அறிக்கைகள் சேர்ந்தாலும் சொல்லாது. குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டிருந்தார்கள். பலன்? தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

கேரளத்தின் மூணாறு கதை வேறு மாதிரி. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், 20 சதவீதமாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைந்ததும் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தின் மீது இருந்த கோபத்துக்குக் குறையாத கோபம் சொந்தத் தொழிற்சங்கத் தலைவர்கள் மீதும் இருந்தது. சமாதானம் பேச வந்தவர்களை விரட்டிவிட்டார்கள். தங்கள் கூட்டத்துக்குப் ‘பொம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த தினக்கூலி அடுத்த மாதம் 301 ஆனது, அவர்கள் கேட்டது 500 என்றாலும். சில ஆயிரம் பேரை ஒரே நாளில் லயத்தைவிட்டு வெளியேற்ற எந்த நிர்வாகத்தாலும் முடியாது. அவர்களின் பலம் அங்கேதான் இருந்தது.

தனி ஆளாகச் சொன்னவருக்கு என்ன நடக்கிறது? 2020 மே மாதம், கோவிட் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது, மலேசியாவின் டாப் கிளவ் கையுறைத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் முண்டியடித்து நிற்பதை ஒரு நேபாளத் தொழிலாளி படமெடுத்து வெளியில் இருந்த ஆர்வலர் ஒருவருக்கு அனுப்பினார். செப்டம்பரில் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். நவம்பரில் அந்தக் கம்பெனியின் தொழிலாளர்களிடையே தொற்று பரவி, ஆயிரக்கணக்கானோருக்கு நோய் கண்டு, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. படம் சொன்னது சரிதான் என்று நாடே அறிந்தபோது, எடுத்தவருக்கு வேலை இல்லை. அதே கம்பெனியின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் தடுத்து வைத்திருந்தது. தொழிலாளர்கள் ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர 13 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் கம்பெனி ஒதுக்க வேண்டி வந்தது. எங்கோ இருக்கும் வாங்குபவர் கதவை அடைத்தால் இங்கே கணக்குகள் சட்டென்று நேராகிவிடுகின்றன. கென்யத் தேயிலைத் தோட்டங்களிலும் வெளியிலிருந்து வந்த அழுத்தம்தான் வேலை செய்தது. அங்கே மேலாளர்களின் பாலியல் அத்துமீறலைப் பற்றி எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பேசியதை 2023 பிப்ரவரியில் பிபிசி ஒளிபரப்பிய பிறகுதான் பிரிட்டிஷ் கம்பெனிகள் அசைந்தன.

கேமரன் தேயிலைக்கு அந்தக் கதவு அவ்வளவு அகலமில்லை. இங்கே விளைவதில் பெரும்பகுதியை மலேசியர்களே தே தாரிக்காக்கிக் குடித்துவிடுகிறார்கள். ஆக, நம் கிராணி உள்நாட்டுச் சட்டத்தைத்தான் நம்ப வேண்டும்.

அந்தச் சட்டம் இருக்கிறது. தகவல் அளிப்பவர் பாதுகாப்புச் சட்டம், 2010. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. பெயர் ரகசியம், வழக்குகளிலிருந்து விலக்கு, பழிவாங்கலுக்கு எதிரான காப்பு என மூன்றையும் தருகிறது. ஆனால் சட்டத்தை அமலாக்கும் அரசு நிறுவனத்திடம் சொன்னால்தான். பத்திரிகைக்காரரிடமோ, அரசியல்வாதியிடமோ, முகநூலிலோ முதலில் சொன்னவருக்கு இந்தக் குடை விரியாது. நேஷனல் ஃபீட்லாட் என்ற மாட்டுப்பண்ணைத் திட்ட விவகாரத்தில் வங்கி விவரங்களை வெளியிட்ட அரசியல்வாதி ரஃபிசி ரம்லிக்கு 2018 பிப்ரவரியில் 30 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம்தான் அவரை விடுவித்தது. தெனகானித்தா என்ற உரிமை அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் இன்னும் நெடுங்காலம் அலைந்தார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர் படும் பாட்டை அவர் 1995-இல் வெளியிட்டார். அறிக்கை பொய் என்று வழக்கு போட்டார்கள், 2003-இல் ஓராண்டு சிறை விதித்தார்கள். 2008 நவம்பரில்தான் விடுதலை. தோட்ட மேற்பார்வையாளரின் மகளாகப் பிறந்தவர் அவர்.

கிராணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தானும் பங்கெடுத்த தவறை அம்பலப்படுத்துபவரின் பாதுகாப்பு பறிபோக இதே சட்டத்தில் இடமிருக்கிறது. 38 என்று எழுதியது அவர் கைதானே! உத்தரவு வாய்வார்த்தையாக வந்தது, எழுத்து மட்டும் இவருடையது. வேலை நீக்கத்திலிருந்து தப்பிப்பதற்காகவே புகார் கொடுத்தார் என்று கருதப்பட்டாலும் அதே ஆபத்து. எனவே தள்ளிப்போடத் தள்ளிப்போட அவருடைய நிலைமை மோசமாகிறது. முதல் மாதத்திலேயே சொல்பவர் சாட்சி. மூன்று வருடம் எழுதிவிட்டுச் சொல்பவரைக் கூட்டாளி என்பார்கள்.

இதனால்தான் சொல்வதா வேண்டாமா என்பதைவிட யாரிடம், எதைக் கையில் வைத்துக்கொண்டு என்பது பெரிய கேள்வியாகிறது. தொழிலாளர் இலாகாவுக்குச் சம்பளத் தகராறை விசாரிக்கும் அதிகாரம் வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சட்டம் 2023 ஜனவரி முதல் எல்லாச் சம்பள நிலையினருக்கும் விரிந்தது, கட்டாய உழைப்பையும் குற்றமாக்கியது. மலையடிவாரத் தாப்பா தொகுதியின் எம். சரவணன் மனிதவள அமைச்சராக இருந்த காலத்தில், 2021-இல், கைப்பேசியிலேயே புகார் கொடுக்க ஒரு செயலி வந்தது. மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தரவில்லை என்பது போன்ற புகாருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆபத்தைச் சொன்னதற்காக ஒருவரை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்கிறது 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம். வீடு ஒழுகுகிறது, தண்ணீர் இல்லை என்றால் அதற்கு 1990-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம்.

கையில் என்ன இருக்க வேண்டும் என்பதில் பலர் சறுக்குகிறார்கள். தோட்டத்து நிறுவைப் புத்தகத்தைக் கிராணி நகலெடுத்து வெளியே கொண்டுபோனால், கம்பெனி ஆவணத்தைத் திருடினார் என்று திருப்பிவிட முடியும். கொழுந்து எடுப்பவர் தன் சம்பளச் சீட்டைக் காட்டினால் யாரும் எதுவும் சொல்ல முடியாது, அது அவருடையது. தினமும் தராசு காட்டிய எடையைத் தேதி போட்டுத் தன் நோட்டில் அவரே குறித்து வைத்திருந்தால், சீட்டோடு சேர்த்து அதையும் அதிகாரியின் மேசையில் வைக்கலாம். பத்துப் பேரின் நோட்டுகள் ஒன்றுபோல் சொன்னால், அங்கே தனி ஆள் என்று எவரும் இல்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954 முதல் இருக்கிறது. கிளைத் தலைவர் மானேஜரோடு நெருக்கம் என்று சந்தேகம் இருந்தால் நேராக இலாகாவுக்குப் போகத் தடையில்லை. மூணாற்றுப் பெண்கள் யாரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்?

இத்தனைக்கும் பிறகு வேலை நீக்கக் கடிதம் வந்தே தீரலாம். அப்போது 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி. கெடு 60 நாள். மானேஜரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நாட்களும் சங்க அலுவலகத்துக்கு நடந்த நாட்களும் அந்த 60-க்குள்ளேயே அடங்கும்.