ஆண்டு முழுவதும் மிதிவண்டிப் பயணம்: பலன் எவ்வளவு, தடை எங்கே?

புது தில்லி: ஐ.நா. பொதுச்சபை 2018-ஆம் ஆண்டு அறிவித்ததைத் தொடர்ந்து, ஜூன் 3-ஆம் தேதி உலக மிதிவண்டி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்கு மிதிவண்டி ஒருநாள் விழாவுக்கு உரியதன்று. கோடை, மழை, பனி எனப் பருவம் எதுவாயினும் வேலைக்குச் சென்று சேரும் வழி அதுவே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையையும் வீட்டுத் தொழில்களையும் சாராத தொழிலாளர்களில் சுமார் 13 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 2.6 கோடி பேர், மிதிவண்டியில் பணிக்குச் சென்றனர். மோட்டார் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களைவிட இந்த எண்ணிக்கை சற்று அதிகம்.

மிதிவண்டியின் உடல்நலப் பயன்கள் பலரும் அறிந்தவையே. ஆண்டு முழுவதும் தொடர்வதால் அவை எந்த அளவுக்குக் கூடுகின்றன என்பதே கவனிக்கத்தக்கது. பிரிட்டனில் சுமார் 2.6 லட்சம் பேரின் தரவுகளைக் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மிதிவண்டியில் பணிக்குச் செல்வோருக்கு, காரிலோ பொதுப் போக்குவரத்திலோ செல்வோரைவிட அகால மரண ஆபத்து 41 சதவீதம் குறைவாக இருந்தது. இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தும் குறைந்திருந்தது.

இதன் பின்னுள்ள கணக்கு எளிது. பணியிடம் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், நிதானமான வேகத்தில் ஒரு வழிக்கு 20 நிமிடங்கள் ஆகும். வாரத்தில் 5 நாள்கள் சென்று திரும்பினால் 200 நிமிடங்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச மிதமான உடலுழைப்பு வாரத்துக்கு 150 நிமிடங்களே. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வதை நாளைக்கு என ஒத்திப்போடலாம். அலுவலகத்துக்குச் செல்வதை அவ்வாறு ஒத்திப்போட இயலாது. பணிக்குச் செல்லும் மிதிவண்டிப் பயணத்தின் வலிமை இந்தக் கட்டாயத்தில்தான் இருக்கிறது. செலவிலும் பயன் உண்டு. இதே தொலைவை ஆண்டுக்கு 300 நாள்கள் கடப்பவர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வாகனத்துக்குத் தேவையான 60 லிட்டர் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார்.

மாசடைந்த காற்றில் மூச்சுவாங்க மிதிப்பது தீமையாகாதா என்ற ஐயம், குறிப்பாகத் தில்லியில், நியாயமானதே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தலைமையிலான ஆய்வு ஒன்று 2016-ஆம் ஆண்டு இதற்கு விடை கண்டது. தில்லியைப் போன்ற நகரிலும் வாரத்துக்கு 5 மணி நேரத்துக்கும் மேலாக மிதித்தால்தான் மாசின் தீங்கு உடலுழைப்பின் நன்மையை விஞ்சும் என அது மதிப்பிட்டது. இது ஆண்டுச் சராசரி மாசு அளவைக் கொண்ட கணிப்பு. நவம்பர் மாதத்தின் மோசமான நாள்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. அந்நாள்களில் நெரிசல் மிகுந்த பிரதான சாலையைத் தவிர்த்து உட்தெருக்களில் செல்வதே அறிவுடைமை.

பருவங்களில் மிகக் கடினமானது மழைக்காலம். சக்கர வளையத்தைப் பற்றும் பிரேக்குகள் நனைந்தால் பிடிமானம் குறைகிறது. வண்டி நிற்கக் கூடுதல் தொலைவு தேவைப்படும். சாலையில் வரையப்பட்ட வெள்ளைக் கோடுகளும் பாதாளச் சாக்கடை மூடிகளும் வழுக்கும். தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சங்கிலியின் எண்ணெய் கழுவப்பட்டுத் துருப்பிடிப்பதால், நனைந்த ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெயிட வேண்டும். பழைமையானது என ஒதுக்கப்படும் கறுப்பு நிறச் சாதாரண சைக்கிள், முழு மட்கார்டும் சங்கிலியை மூடிய உறையும் பின்புறக் கேரியரும் கொண்டிருப்பதால், பல மடங்கு விலையுள்ள பந்தய வண்டியைவிட இந்திய மழைக்கு ஏற்றது.

கோடையில், வண்டி ஓடும்போது எழும் காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. வெம்மை உறைப்பது சிக்னலில் நிற்கும்போதுதான். காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் இந்த உதவி குறைவு. வெப்ப அலை வீசும் நாள்களில் நண்பகல் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். வட இந்தியக் குளிரில் சிக்கல் குளிரன்று, மூடுபனியே. முன்னும் பின்னும் விளக்கின்றிச் செல்வது உயிருக்கே ஆபத்து.

பொழுதுபோக்குக்காக மிதிப்போரின் உலகம் வேறு. மத்திய விளையாட்டுத் துறை 2024 டிசம்பரில் தொடங்கிய ஞாயிறு மிதிவண்டி இயக்கம் பல நகரங்களில் நடைபெறுகிறது. பிரான்ஸில் தோன்றிய நெடுந்தூரப் பயண முறையான 'பிரெவே'யும் இந்தியாவில் வேரூன்றியுள்ளது. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். ஆனால் அது பந்தயமன்று, முதலிடம் என்பதே அதில் இல்லை. நாள்தோறும் மிதித்துப் பழகிய கால்களுக்கு இத்தகைய தொலைவு எட்டாததன்று.

விளம்பரமும் விழாவும் இவர்களைச் சுற்றியே அமைகின்றன; பணிக்காக மிதிப்போருக்குப் பல நகரங்களில் தனிப் பாதைகூடக் கிடைக்கவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மேற்கு வங்கத்தில் சுமார் 79 சதவீத வீடுகளில் மிதிவண்டி இருக்கிறது. தேசிய அளவில் இது ஏறத்தாழ பாதி வீடுகளே. அம்மாநிலத் தலைநகர் கொல்கத்தாவில்தான் 2013-ஆம் ஆண்டு 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. போக்குவரத்தின் வேகம் குறைவதே அதற்குக் கூறப்பட்ட காரணம். பால், செய்தித்தாள் விநியோகிப்போரின் பிழைப்பு பாதிக்கப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் சாலைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது, பேருந்துகள் போதாத நிலையில், தடை தளர்த்தப்பட்டது.